மரியா மாண்டிசோரி அம்மையார்

கோடை விடுமுறை என்னும் சொல்லைக் கேட்டவுடன் மாணாக்கர் உள்ளம் மகிழ்வது இயற்கை. புத்தகங்களை மூடி வைத்து, ஊர் சென்று, பெற்றோரையும் உற்றாரையும் கண்டு, மாங்கனி உண்டு, மனம்போல் உறங்கி எழுவதற்கு உரிய காலம் அஃது. ஆயினும் அவ்விடுமுறையை அஞ்சுகின்ற இல்லங்களும் நம் நாட்டில் உள. சென்ற ஆனி மாதத்தில் யாம் ஒரு காரியமாக லால்குடிக்குச் சென்று, மாலை வண்டியை எதிர்நோக்கி அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்தில் அமர்ந்திருந்தோம். அருகே ஒரு தாயும், ஒன்பது வயது மதிக்கத்தக்க அவள் மகனும் இருந்தனர். சிறுவனுக்கு அறிவு வளர்ச்சி வயதுக்கு ஏற்ப அமையவில்லை என்பது சிறிது நேரத்தில் எமக்குப் புலனாயிற்று. அவன் தன் சட்டைப் பொத்தான்களைப் பற்றி இழுத்த வண்ணம் இருந்தான். பங்குனி மாதம் முடியும்போது அவற்றைத் தானே பூட்டக் கற்றிருந்தான் என்றும், இரண்டு மாத விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது அதனை அறவே மறந்து விட்டான் என்றும், ஆண்டுதோறும் இவ்வாறே ஏறுவதும் சறுக்குவதுமாக உள்ளது என்றும் அத்தாய் கூறினாள். அவள் கூற்றில் முறையீடு இல்லை, களைப்பே இருந்தது.

வண்டியில் வரும்போது இதனையே சிந்தித்து வந்த எமக்கு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டில் இத்தகைய குழந்தைகளின் கைவிரல்களுக்குப் பொத்தான் பூட்டக் கற்பிப்பதையே ஒரு சாத்திரமாக வகுத்த பெண்மணி ஒருவரின் நினைவு எழுந்தது. அவர் பெயரை அறியாதார் இலர். அப்பெயர் தாங்கிய பலகைகள் நம் திருச்சிராப்பள்ளி நகரத்துத் தெருக்களிலும் தொங்குகின்றன. ஆனால் அவருடைய கல்வி முறை முதன்முதல் யாரிடமிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியார். அதனை எடுத்துரைக்கும் பொருட்டே மரியா மாண்டிசோரி அம்மையாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

மரியா அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள், இத்தாலி நாட்டின் கீழ்கரையில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய கட்டுப்பாடுகளில் பற்று மிக்கவர். தாயார் ரெனில்டே நூல்களைப் பெரிதும் விரும்பிக் கற்றவர். பெண்கள் நன்கு கற்க வேண்டும் என்னும் கொள்கையில் அவ்வம்மையார் உறுதி உடையவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் உரோமாபுரியில் குடியேறிற்று.

அக்காலத்தில் பெண் மக்கள் அடையத்தக்க உத்தியோகம் உபாத்தியாயினி வேலை ஒன்றே எனப் பலரும் எண்ணினர். மரியாவோ அதனை ஒழித்து வேறு எதனையும் செய்வேன் என்று உறுதி கொண்டார். பிற்காலத்தில் உலகத்து உபாத்தியாயர்க்கெல்லாம் உபாத்தியாயினி ஆகப் போகின்றவர் இளமையில் இங்ஙனம் எண்ணியது வியப்பன்றோ? பதின்மூன்றாம் வயதில் ஆண் பிள்ளைகள் பயிலும் தொழிற்கல்விச் சாலையில் சேர்ந்தார். முதலில் இயந்திர நூல் வல்லுநராக விரும்பியவர், பின்பு வைத்தியத்தில் மனத்தைச் செலுத்தினார். 1890ஆம் ஆண்டில் உரோமாபுரிச் சர்வகலாசாலையில் புகுந்து, முதலில் இயற்கை விஞ்ஞானம் பயின்று, அதன்பின் 1893ஆம் ஆண்டில் வைத்திய வகுப்பை அடைந்தார்.

அவ்வகுப்பில் அவர் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. உடன் பயின்ற ஆடவர் ஏளனம் செய்தனர். ஆடவரோடு ஒருங்கு நின்று பிரேதத்தை அறுத்து ஆராய்தல் பெண்ணுக்குத் தகாது எனக் கருதப்பட்டமையால், பிறர் அனைவரும் சென்ற பின்னர் அவர் தனியே அவ்வறையில் இருந்து தம் பாடத்தை முடிக்க வேண்டியதாயிற்று. இருள் சூழ்ந்த வேளையில், உயிரற்ற உடலின் முன்னே, உதவி யாரும் இன்றி நின்ற அவ்விளம்பெண்ணின் நெஞ்சுறுதியை நம் கலாசாலை மாணவியர் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. 1896ஆம் ஆண்டில் அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே என்று சிலர் எழுதுவர்; அது பொருந்தாது. முதன்முதல் பெற்ற மிகச் சிலருள் அவரும் ஒருவர் என்பதே உண்மை. அவ்வாண்டே பெர்லின் நகரத்தில் கூடிய மாதர் மகாசபையில் தம் நாட்டின் பிரதிநிதியாகச் சென்று, ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒத்த வேலைக்கு ஒத்த கூலி வேண்டும் என்று பிரசங்கித்தார்.

வெற்றறையில் கண்டது

பட்டம் பெற்றபின் அம்மையார் சர்வகலாசாலையைச் சார்ந்த மனநோய் வைத்தியசாலையில் துணை வைத்தியராக அமர்ந்தார். சிகிச்சைக்கு உரியோரைத் தேர்ந்தெடுத்தற்காக நகரத்துப் பைத்திய விடுதிகளுக்குச் செல்வது அவர் கடமைகளுள் ஒன்று. ஆங்குப் பித்துற்ற முதியோருடன், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தனர். அக்குழந்தைகளுக்கு நோய் உண்டு என்றோ, கல்வி உண்டு என்றோ எவரும் கருதவில்லை. சோறு இட்டுக் கதவைத் தாழிட்டால் கடமை முடிந்தது.

ஒருநாள் அவர் கண்ட காட்சி ஒன்று அவர் சரித்திரத்தை எழுதினோர் கூறுவது. வெற்றறை ஒன்றில் சில குழந்தைகள் கிடந்தனர். அவர்களைக் காவல் காத்த பெண், உணவு முடிந்தவுடன் இவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றனர் என்று அருவருப்போடு கூறினாள். அம்மையார் அவ்வறையைச் சுற்றிலும் நோக்கினார். கையில் எடுப்பதற்கு, பார்ப்பதற்கு, உருட்டுவதற்கு ஒரு பொருளேனும் அங்கு இல்லை. அத்துணுக்குகளைத் தவிர அவர்கள் விரல்களுக்கு வேறு உலகம் இல்லை. வயிற்றுப் பசியன்று, கைகளின் பசியே அவர்களைத் தரையில் தேடச் செய்தது என்று அம்மையார் தெளிந்தார். அவருடைய வாழ்நாள் முயற்சி அனைத்தும் இத்தெளிவிலிருந்து கிளைத்தது என்று கூறலாம்.

இவ்வழியில் தமக்கு முன் சென்றோர் உளரோ என்று அவர் தேடினார். பாரிஸ் மாநகரத்தில் செவிகேளாதார் கல்விச்சாலையில் வைத்தியராக இருந்த இட்டார் என்பவர், அவேரோன் காட்டில் திரிந்து 1800ஆம் ஆண்டில் பிடிபட்ட விக்டர் என்னும் சிறுவனைப் பல ஆண்டு பயிற்றியிருந்தார். அவன் பேசக் கற்றானில்லை. எனினும் சில சொற்களை எழுத்தால் அறியவும், இல்லத்துச் சிறு பணிகளைச் செய்யவும் கற்றான். அவர் மாணாக்கர் செகென் என்பவர் அம்முறையை வளர்த்து, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கெனப் பள்ளி நடத்தி, பெருநூல் ஒன்றும் இயற்றினார். பின்னர் அவர் அமெரிக்கா சென்று ஆங்கும் அப்பணியைத் தொடர்ந்தார். உலகம் இவ்விருவர் நூல்களையும் ஏறக்குறைய மறந்து விட்டது. மாண்டிசோரி அம்மையாரோ அவற்றைத் தேடி எடுத்து, செகெனின் 600 பக்கப் பிரெஞ்சு நூல் உட்பட அனைத்தையும், ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நிறுத்தி ஆராயும் பொருட்டுத் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் எழுதி முடித்தார்.

குழந்தைகளே ஆசிரியர்

1898ஆம் ஆண்டில் துரின் நகரத்தில் கூடிய உபாத்தியாயர் மகாநாட்டில் அம்மையார் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தினும் மிகுதியாகக் கல்வியே என்பதும், அவர்களை விடுதிகளில் அடைக்காது பள்ளிகளில் வைத்துப் பயிற்ற வேண்டும் என்பதும் அக்கருத்தின் சாரம். அதன் பயனாக 1900ஆம் ஆண்டில் உரோமாபுரியில் இக்குழந்தைகளின் உபாத்தியாயர்க்கென ஒரு பயிற்சிக் கலாசாலை தோன்றிற்று. அதன் தலைமையை அம்மையாரும், ஜியுஸெப்பே மாண்டெஸானோ என்னும் வைத்தியரும் ஏற்றனர். முதல் வகுப்பில் 64 உபாத்தியாயர் சேர்ந்தனர். அதனைச் சார்ந்த பள்ளியில் நகரத்துப் பள்ளிகளும் விடுதிகளும் கைவிட்ட குழந்தைகள் சேர்க்கப்பட்டனர்.

அங்கு அம்மையார் தலைவியாக மட்டும் இருந்தாரல்லர். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரையில் குழந்தைகளோடு தாமே இருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைத்து, மறுநாளைக்கு வேண்டிய கருவிகளைத் திட்டம் செய்தார். உருளைகளைத் தத்தம் குழிகளில் பொருத்தும் கட்டைகள், பொத்தானும் நாடாவும் வைத்துத் தைத்த துணிச் சட்டங்கள், விரலால் தடவி அறியும் எழுத்துக்கள் முதலியன இங்ஙனம் அமைந்தன. இவற்றுட் பல செகென் வகுத்தவை. அம்மையார் அவற்றைத் திருத்தியும் பெருக்கியும் பயன்படுத்தினார்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் ஈண்டுக் கூறுவோம். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி அப்பள்ளியில் இருந்தாள். கைகளில் வலிமை குறைவில்லை. ஆயினும் தைக்கக் கற்பிக்க எவ்வளவு முயன்றும் ஊசியை மேலும் கீழும் செலுத்தும் முறை அவளுக்குப் பிடிபடவில்லை. அம்மையார் ஊசியை அப்புறப்படுத்தினார். நீளவாட்டில் நிறுத்திய காகிதப் பட்டைகளின் ஊடே வேறொரு பட்டையை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நுழைத்துப் பாய்போலப் பின்னும் விளையாட்டைக் கற்பித்தார். அதில் அவள் தேர்ந்தபின் மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது, துணியை அவள் தடையின்றித் தைத்தாள். ஒரு செயலைக் கற்பிக்குமுன், அச்செயலுக்கு வேண்டிய அசைவைக் கைக்கு முன்னதாகப் பழக்குதல் வேண்டும் என்னும் விதி இதனால் அவருக்குப் புலனாயிற்று. பிள்ளைக்கு வரவில்லை என்று கூறுமுன், நாம் எந்தப் படியைத் தவற விட்டோம் என்று உபாத்தியாயர் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும் என்பது அவ்விதியின் உட்பொருள்.

எழுத்தையும் அவ்வாறே கற்பித்தார். மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய எழுத்துக்களின்மீது குழந்தைகள் விரலை ஓட்டினர். கண் மறந்ததைக் கை மறவாது காத்தது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிய முறையை இஃது எமக்கு நினைவூட்டுகின்றது. அம்மணல் எழுத்தைக் கண்டுதான், சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை 1789ஆம் ஆண்டு முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் தம் பள்ளியிலும் அதனைக் கைக்கொண்டார். ஆகவே கையின் வழியே கருத்துக்குச் செல்லும் நெறி நம் முன்னோர்க்குப் புதிதன்று.

நாளடைவில் அக்குழந்தைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றனர். பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த பரீட்சையில் அவர்களோடு ஒருங்கிருந்து எழுதித் தேறவும் செய்தனர். நகரம் முழுதும் அற்புதம் என்று வியந்தது. அம்மையார் ஒருவரே வியக்கவில்லை. தம் பிள்ளைகள் வென்றது, அவர்களுக்கு ஏற்ற வழியில் கற்பித்தமையால். அங்ஙனமாயின், குறை ஒன்றும் இல்லாத குழந்தைகள் பொதுப் பள்ளிகளில் இவ்வளவோடு நின்றுவிடக் காரணம் யாது? இவ்வினா அவர் நெஞ்சில் தைத்தது. உலகம் கைவிட்ட குழந்தைகள், உலகத்துப் பள்ளிகள் அனைத்தின் குறையையும் அவருக்குக் காட்டிக் கொடுத்தனர்.

மறைந்த துயரம்

இவ்விடத்தே அம்மையார் வாழ்வின் துயரம் ஒன்றையும் கூறாது விடுதல் உண்மைக்குப் பொருந்தாது. அவருக்கும் மாண்டெஸானோவுக்கும் மணமின்றியே 1898ஆம் ஆண்டில் மாரியோ என்னும் மகன் பிறந்தான். அக்காலத்து உலகம் அதனைப் பொறாது. அவருடைய தொழிலும் அன்றே முடிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர விடப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று, தாய் என்று வெளிப்படாமலே கண்டு மீண்டார். 1901ஆம் ஆண்டில் மாண்டெஸானோ வேறொருத்தியை மணந்தார். அம்மையார் அக்கலாசாலையை விட்டு நீங்கினார். பிறர் குழந்தைகளை உலகம் ஏற்கும்படி செய்த அன்னை, தம் குழந்தையை உலகின்முன் நிறுத்த இயலாமற்போன அவலம் அவரைப் பல்லாண்டு வருத்தியிருத்தல் வேண்டும். மாரியோவின் பதினைந்தாம் வயதளவிலேதான் மகன் தாயோடு வந்து சேர்ந்தான். அதுமுதல் அவர் இறுதி வரையில் அவரைப் பிரியாத துணையாக விளங்கினான்.

குழந்தைகள் இல்லம்

கலாசாலையை நீங்கிய அம்மையார் மீண்டும் மாணவியாகித் தத்துவமும் கல்வி நூலும் மானிட நூலும் பயின்றார். 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் நாள், உரோமாபுரியில் வறியோர் வாழ்ந்த ஸான் லொரென்ஸோ என்னும் பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு வீடுகளைப் புதுப்பித்த கம்பெனியார், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்காதபடி பார்த்துக் கொள்ள ஒருவரை நாடினர். சுவரைக் காக்க எண்ணியவர் அறையைக் கொடுத்தனர். அவ்வறையிலிருந்து கல்வி உலகில் ஒரு பெருமாறுதல் பிறந்தது.

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென அமைத்த கருவிகளையே அம்மையார் இப்பிள்ளைகள் முன்பும் வைத்தார். மரத்தெழுத்துக்கள் செய்விக்கப் பொருள் போதாமையால், உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்டி எழுத்துக்கள் செய்தார். செலவைக் குறைக்கச் செய்த அவ்வெழுத்தே மரத்தெழுத்தினும் விரலுக்கு நன்கு உணர்த்தியது. ஒரு மார்கழி நாளில், மாடியில் வெயில் காய்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன், எவரும் ஏவாமலே கை என்னும் சொல்லைத் தரையில் எழுதினான். எழுத வந்துவிட்டது என்று கூவினான். பின் புகைபோக்கி, கூரை என்னும் சொற்களையும் எழுதினான். ஏனைய பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடி வந்தனர்.

இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. 1909ஆம் ஆண்டில் அவர் முறையை விளக்கும் நூல் வெளிவந்து பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கா அவரை வரவேற்றது. 1915ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் அமைத்த வகுப்பறையில் அவர் முறை நடப்பதை மக்கள் திரள் திரளாக நின்று கண்டனர். 1931ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்தில் மகாத்மா காந்தி அடிகள் அவரைச் சந்தித்தார். இத்தாலியின் சர்வாதிகாரி முஸ்ஸோலினியின் ஆட்சி முதலில் அவரை ஆதரித்தது. தன் விருப்பத்துக்கு அவர் இணங்காமையால் 1934ஆம் ஆண்டளவில் அவர் பள்ளிகள் அந்நாட்டில் மூடப்பட்டன. தங்கியிருந்த பார்ஸிலோனா நகரத்தையும் 1936ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரால் துறந்து, ஹாலந்து தேசத்தை அடைந்தார்.

தமிழ்நாட்டில் அம்மையார்

1939ஆம் ஆண்டில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், அம்மையார் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அவரை அழைத்திருந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த பயிற்சி வகுப்பில், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். சில மாதம் தங்கித் திரும்ப எண்ணி வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்தி விட்டது. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியவுடன், இத்தாலியர் என்னும் காரணத்தால் மாரியோ அகமத்நகர் முகாமில் சிறை வைக்கப்பட்டார். முதிய அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அன்னையின் எழுபதாம் பிறந்தநாளை முன்னிட்டு அரசாங்கத்தார் மாரியோவை விடுவித்தனர். அவ்வறிவிப்பில் அவர் மகன் என்றே குறிக்கப்பட்டார் என்பர். வளர்ப்பு மகன் என்றும் உறவினர் என்றும் பன்னாள் கூறப்பட்டு வந்தவருக்கு அவ்வுரிமை பகைநாட்டு அரசின் கையால் நம் மண்ணில் வந்தது.

1942ஆம் ஆண்டு முதல் 1944ஆம் ஆண்டு வரை அம்மையார் கோடைக்கானல் மலையில் வாழ்ந்தார். கோடைக்கு இளைப்பாற நாம் நாடும் அம்மலையை அவர் ஒரு கல்விச்சாலை ஆக்கினார். பல தேசத்துக் குழந்தைகளும் பல வயதுப் பிள்ளைகளும் ஒருங்கே அவரிடம் பயின்றனர். செடிகளைத் தேடிக் கொணர்ந்தனர். சிற்றுயிர்களை வளர்த்து நோக்கினர். நிலமும் நீரும் மரமும் மனிதரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறையை அறிந்தனர். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும்போது இருவரும் கற்கின்றனர் என்பதை அம்மையார் அங்கு நன்கு கண்டார். பின்னர் இலங்கைக்கும் வடநாட்டு நகரங்கள் சிலவற்றுக்கும் சென்று வகுப்பு நடத்தினார். இந்நாட்டில் அவரிடம் பயிற்சி பெற்றோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்பர். 1946ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்பி, 1947ஆம் ஆண்டில் மீண்டும் வந்து, 1949ஆம் ஆண்டில் விடைபெற்றார். 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஹாலந்து தேசத்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில் தம் 81ஆம் வயதில் காலமானார்.

கடன் யாருடையது?

அம்மையாரின் குறையொன்றையும் யாம் மறைக்க விரும்பவில்லை. எக்குழந்தைகளிடம் அவர் முதலிற் கற்றாரோ, அவர்களைத் தம் வாழ்வின் நடுப்பணியாக அவர் பிற்காலத்தில் வைத்துக் கொள்ளவில்லை. 1901ஆம் ஆண்டுக்குப் பின் அவர் புகழ், குறையற்ற குழந்தைகளின் கல்வியைப் பற்றியே வளர்ந்தது. உலகமும் அவ்வாறே செய்தது. விடுதியின் வெற்றறையில் பிறந்து, வறியோர் தெருவில் வளர்ந்த ஒரு முறை, இன்று பல ஊர்களில் மிக்க சம்பளம் கொடுக்க வல்லார் பிள்ளைகளுக்கு உரியதாய் விட்டது. பெயர்ப் பலகை மாளிகையில் தொங்குகின்றது. அம்முறைக்கு வித்தாய் நின்ற குழந்தையோ புகைவண்டி நிலையத்தில் பொத்தானை இழுத்துக் கொண்டிருக்கின்றான். இதனை நாம் ஒரு கடன் என்றே கருதுகின்றோம். அவன் போன்றாரிடம் கற்றதை அவனுக்கே திருப்பிக் கொடுத்தல் கல்வி உலகின் கடமையாகும்.

சட்டத்தில் இன்று குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடு உடைய குழந்தைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையில் இலவசக் கல்வி உரிமை என்று விதிக்கின்றது. அருகிலுள்ள பள்ளியிலோ, சிறப்புப் பள்ளியிலோ பயிலலாம். நம் மாகாணத்தின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர் பணி செய்கின்றனர். தமிழ்நாட்டில் இப்பணி நேற்றுத் தோன்றியதும் அன்று. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவிகேளாக் குழந்தைகளுக்குப் பள்ளி அமைத்தார். ஆயினும் பள்ளி அடைபடும் காலத்தில் அக்குழந்தையின் கைவிரலுக்கு யார் பொறுப்பு? ஏனைய பிள்ளைகள் இரண்டு மாதம் கல்லாதிருந்தாலும் கண்டும் கேட்டும் விளையாடியும் பலவற்றைத் தாமே பெறுவர். நாள்தோறும் பழகிப் பழகிப் பெற்ற ஓர் அசைவை மட்டுமே செல்வமாக உடைய குழந்தை, பழக்கம் அற்றால் அச்செல்வத்தை இழக்கும். விடுமுறை அவனுக்கு ஓய்வன்று, நட்டம்.

இங்கேதான் நம் கலாசாலை மாணாக்கர்க்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். நும்மிற் பலர் லால்குடி, ஸ்ரீரங்கம், மண்ணச்சநல்லூர் முதலிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்தும் வருகின்றீர். விடுமுறையில் அங்கேயே இருப்பீர். நும் தெருவில் இத்தகைய குழந்தை ஒன்று இருப்பின், பெற்றோரின் இசைவோடு, நாள்தோறும் ஒருமணி நேரம் அதனுடன் இருத்தல் நும்மால் இயலாததன்று. முதலில் அக்குழந்தையின் சிறப்புப் பயிற்றுநரைக் கண்டு, பள்ளியில் எதுவரை பழகியுள்ளது, எதனைத் தொடர வேண்டும், எதனைச் செய்தல் ஆகாது என்று கேட்டறிக. வைத்தியரும் பயிற்றுநரும் செய்யும் வேலையை நாம் செய்யப் புகுதல் தவறு. அவர் விட்ட இடத்தில் குழந்தை சறுக்காதபடி கைகொடுத்தலே நம் வேலை.

கருவிகளுக்குப் பெரும்பொருள் வேண்டா. பழைய சட்டையின் முன்பாகத்தை வெட்டி மரச்சட்டத்தில் அறைந்தால் பொத்தான் பழகும் கருவி ஆயிற்று. உப்புத்தாளும் அட்டையும் இருப்பின் உயிரெழுத்துப் பன்னிரண்டும் விரலுக்கு உரியன ஆகும். அவையும் இல்லையேல், தாம்பாளத்தில் பரப்பிய கொள்ளிடத்து மணல் உண்டு. தென்னங்கீற்று முடையத் தெரிந்த பாட்டியார் ஒருவர் வீட்டில் இருப்பின், ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பின்னும் பாடத்துக்கு அவரினும் சிறந்த உபாத்தியாயர் இலர். ஒரு நாளைக்கு ஒரு செயல் போதும். அதனை மெல்லச் செய்து காட்டுக. சொற்களைக் குறைத்துக் கொள்க. பின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க. பிள்ளை தவறினால் கடிந்து திருத்தாது, நாம் தவற விட்ட படி யாது என்று சிந்திக்க. குழந்தை செய்ய வல்லதை நாம் செய்து கொடாமல் இருப்பதும் கற்பித்தலேயாம்.

இதனால் அற்புதங்கள் நிகழும் என்று யாம் வாக்களிக்க மாட்டோம். விக்டர் இறுதி வரையில் பேசவில்லை. அம்மையாரின் பள்ளியிலும் பரீட்சை தேறியவர் சிலரே. ஆயினும் ஒரு பொத்தானைத் தானே பூட்டிக் கொள்ளும் பிள்ளை, தன் நாளில் ஒரு நிமிஷத்தைத் தானே ஆளுகின்றது. அதன் தாய்க்கும் அந்நிமிஷம் மிச்சம். ஆனி மாதத்தில் பள்ளி திறக்கும்போது, பங்குனியில் நின்ற இடத்திலேயே அக்குழந்தை நிற்குமாயின், கோடை வீணாயிற்றில்லை. இரண்டு மாத விடுமுறையில் நாள்தோறும் ஒருமணி நேரம் என்பது ஏறக்குறைய அறுபது மணி நேரமே ஆகும். அதனை ஈவதற்கு நம்முள் எத்துணைப் பேர் உளர் என்பதை வரும் கோடை காட்டும்.